ரொட்டி வேகும் நேரம்

செல்லூர் மாடி வீட்டில் பாண்டிச்செல்வியின் ரொட்டி மிஷின் மாவு பிசைந்து, வேகவைத்து முடிக்கக் காலை முழுக்க ஓடும். அவள் மகள் அந்த ரொட்டியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டாள். குடிவந்த புதிதில் அடிக்கடி ப்யூஸ் போய், மாவு பாதியிலேயே வீணாகும். மகள் பட்டினி கிடப்பாள். இப்போதெல்லாம் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கீழே, வீட்டுக்காரர் துளசிராமின் விசைத்தறி காலையில் ஓடுவதே இல்லை. பாவம், தொழில் படுத்துவிட்டது போல என்று நினைத்து, மிஷினிலிருந்து எடுத்த சூட்டோடு பாதி ரொட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"என்னண்ணே, ஆர்டர் எதுவும் வரலையா? காலையில தறிச் சத்தத்தையே காணோம்."

"ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு தங்கச்சி."

"பெறகு ஏன் சும்மா உக்காந்திருக்கீக?"

துளசிராம் சிரித்து மழுப்பினார். அவர் மனைவி நாகமணிதான் சொன்னாள்.

"தறியும் ஒன் மிஷினும் சேந்து ஓடுனா நம்ம வயரிங் தாங்காது. ஒன் பிள்ள பட்டினி கெடக்கக் கூடாதாம். ரொட்டி வெந்த வாசன வந்தாத்தான் தறிக்கு எந்திரிப்பாரு."

கொண்டுவந்த இரக்கத்தை எங்கே வைப்பதென்று பாண்டிச்செல்விக்குத் தெரியவில்லை.

நாகமணி ரொட்டியை வாங்கிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "வாசன என்ன, ரொட்டியே வந்திருச்சு. போய்த் தறியப் போடுங்க!"

"அண்ணே..." என்றாள் பாண்டிச்செல்வி. அதற்கு மேல் அவள் சொன்னது, தறிச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.