சர்வோனோவின் நெஞ்சு வலி

"ஐயோ, நெஞ்சு! நெஞ்சைப் பிசையுதே!"

சர்வோனோ போட்ட கூச்சலில் கல்யாண வீட்டுச் சமையற்கட்டே ஆடிப்போனது.

விடிந்தால் யாத்மியின் மகளுக்குக் கல்யாணம். கொல்லையில் வரிசையாக அடுப்புகள் எரிந்தன. பெரிய அண்டாவில் கோழி, தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக நின்றவள் யாத்மியின் அக்கா முர்சினி, சர்வோனோவின் மனைவி. சலாத்திகா ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அண்டா அவள் பொறுப்புதான்.

"காலையிலேர்ந்து ஒரு தேங்கா உரிச்சுக் குடுக்கல. இப்ப நெஞ்சு வலியாம்!" என்றாள் யாத்மி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

பிறகு குரலை இனிப்பாக்கிக்கொண்டு, "காத்துப் புடிச்சிருக்கும் மாமா. சட்டையைக் கழட்டுங்க. தைலம் தடவி, காசால முதுகைச் சுரண்டி விடறேன், காத்து எறங்கிடும். நேத்து அக்காவுக்கும் நான்தான் சுரண்டினேன். இன்னிக்குப் பாருங்க, எப்படி நிக்கிறா!" என்றாள்.

அக்கா ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அடுப்படியில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை?

"சுரண்டலெல்லாம் வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும். முர்சினி, நீ வா."

"நான் எப்படிங்க வர்றது? அடுப்புல அண்டா இருக்கு. யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

"நீ வந்தாத்தான் போவேன். இல்லேன்னா இங்கேயே கெடந்து சாகறேன்."

சொன்னபடியே தரையில் சாய்ந்துவிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பேரன் எடுத்த வயசுல பால்குடி மறக்கல!"

முர்சினிக்கு அவமானமாகிவிட்டது. கரண்டியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கணவரின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அக்காவைக் கையோடு திருப்பிக் கூட்டி வர வேண்டுமே என்று யாத்மியும் காரில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் மோசம்.

டாக்டர் ஹப்சாரி சின்ன வயசுப் பெண். ஈ.சி.ஜி. எடுக்கப் படுக்கச் சொன்னதும் சர்வோனோ கட்டிலை விட்டு ரெண்டடி பின்னால் போனார்.

"உடம்புல கரண்ட் பாயுமா டாக்டர்?"

"பாயாதுய்யா. வலிக்கவே வலிக்காது. உங்க நெஞ்சு எப்படித் துடிக்குதுன்னு காகிதத்துல கோடு போட்டுக் காட்டும், அவ்வளவுதான்."

"மொதல்ல இவளுக்கு வெச்சுக் காட்டுங்க. இவ எழுந்து வந்தா நான் படுக்கறேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். யாத்மி தலையில் அடித்துக்கொண்டாள். "பயந்தாங்கொள்ளி! அக்கா, உன்னைத் தவிர வேற எவளும் இவரோட குடும்பம் நடத்த மாட்டா."

"குடுங்கம்மா, எனக்கே மாட்டுங்க," என்று முர்சினி பொத்தென்று கட்டிலில் படுத்தாள். "அங்க அண்டா அடி புடிக்கப் போகுது."

நர்ஸ் ஒயர்களை மாட்டினாள். காகிதம் ஓடியது. டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

"எழுந்திரிக்காதீங்கம்மா. இன்னொரு தடவை எடுக்கலாம்."

எடுத்தார்கள். ரத்தமும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"தாடை வலிக்குதாம்மா?"

"ஆமா. பல்லு வலின்னு நெனைச்சேன்."

"மூச்சு வாங்குதா?"

"படியேறினா வாங்குது."

"சர்க்கரை இருக்கா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

முர்சினி கூரையைப் பார்த்தாள். "கல்யாண வேலையில மறந்துபோச்சும்மா."

மூச்சைக் கேட்கத் திருப்பினால், முதுகுப் பக்கம் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். "இது என்ன?" என்றார் டாக்டர்.

"காத்துப் புடிச்சிருக்குன்னு தங்கச்சி சுரண்டிவிட்டா."

யாத்மி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்தச் சோதனையும் சந்தேகத்தை உறுதி செய்தது. டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார். "இது காத்து இல்லம்மா. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. அது வெடிச்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு, வழியை அடைக்கப் பாக்குது. பொம்பளைங்களுக்கு எப்பவும் நெஞ்சுலதான் வலிக்கணும்னு இல்ல. தாடை, முதுகு, வியர்வைன்னு வேஷம் போட்டு வரும். முழுசா அடைச்சிருந்தா, அந்த அடுப்படியிலயே..."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார்.

உறைவு பெருகாமலிருக்க உடனே ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். குழாயை விரித்துவிட செமாராங் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கும் ஏற்பாடாயிற்று.

சாயங்காலத்துக்குள் முர்சினியின் முகத்தில் ரத்த ஓட்டம் வந்துவிட்டது. "கோழியில உப்புப் பாத்தாங்களா?" என்று கேட்கிற அளவுக்குத் தெளிந்துவிட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சு. நீ சும்மா படு," என்று யாத்மி அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள். வெளியே வந்தவள், வராந்தாவில் இனிப்பு டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்த சர்வோனோவைப் பார்த்தாள்.

"அல்லா காப்பாத்தினான் மாமா. நீங்க பயந்தாங்கொள்ளியா இருந்ததும் நல்லதாப் போச்சு."

சர்வோனோ தலையை ஆட்டிக்கொண்டார்.

யாத்மி வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் டாக்டர் வந்தார். "இந்த அமளியில உங்களை மறந்துட்டேன்யா. உங்க நெஞ்சு வலி எப்படி இருக்கு? வாங்க, இப்பவாவது படுங்க."

சர்வோனோ கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். முர்சினி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்," என்றார் குரலைத் தாழ்த்தி. "நாலஞ்சு நாளா தாடையைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறா. கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன், வரமாட்டேன்னுட்டா. எனக்கு வலிக்குதுன்னாத்தான் அண்டாவை விட்டுட்டு ஓடி வருவா!"