காலையில் மட்டும் கடகட

உப்பள முதலாளி சிவஞானத்தின் குட்டியானை லோடு வண்டி, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் கடகடவென்று அலறும். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். மரக்காணத்திலிருந்து பொம்மையார்பாளையம் மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது பரம சாது.

“எஞ்சின் ஆறி இருக்கும்போது கேட்டாதான் தெரியும் முதலாளி. வண்டிய நைட் இங்கயே விட்டுட்டுப் போங்க” என்றான் மெக்கானிக் கௌதமன்.

மறுநாள் காலை சாவியைத் திருகிவிட்டு இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டி பூனைபோல் கிளம்பியது.

“வண்டி நல்லாதான் இருக்குது. நீங்க எதுக்கும் காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க.”

வீட்டுக்கு ஓட்டி வந்தார். அடுத்த நாள் விடிந்ததும் மறுபடி அதே கடகட. சிவஞானம் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

“இன்னைக்கே இதை வித்துத் தலைமுழுகிடப் போறேன்.”

மனைவி ஞானாம்பாள் பதறிப்போய் ஓடி வந்தாள்.

“அவசரப்படாதீங்க. வண்டி மேல ஒண்ணும் தப்பில்ல, எல்லாம் ஊர்க்கண்ணு. நானும் தினம் விடியக்காலையில வண்டிக்குக் கல்லுப்பு சுத்தி, சீட்டைத் தூக்கி எஞ்சின் மேல கொட்டிக்கிட்டுதான் இருக்கேன்.”

“எஞ்சின் மேலயா?”

“திருஷ்டி உப்ப நெருப்புலதானே போடணும்? எப்படி வெடிக்குது பார்த்தீங்கல்ல, அவ்ளோ திருஷ்டி. இத்தினி நாளா ஒரு பிடிதான் போட்டேன். நாளையிலேர்ந்து ஒரு படி போடுறேன்.”