ஒரு தும்மல் போதும்

மேனேஜரின் மேஜை முன்னால் நின்று பலமாகத் தும்மினான் கிளார்க்.

“சளியா? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுப்பா!” என்றார் மேனேஜர், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு.

“தங்கமான மனுஷன்!” என்று கேஷியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவன், மறந்துபோன ஹெல்மெட்டுக்காகத் திரும்பி வந்தான். உள்ளே மேனேஜர் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஊசி வேணாம்மா. தோல்ல இருந்த சோரியாசிஸ் அடங்கி இப்பதான் அரைக்கைச் சட்டை போடறேன், வாஸ்தவம்தான். ஆனா அந்த மருந்து நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமே! இங்க ஒருத்தன் மூஞ்சிக்கு நேராவே தும்மிட்டான். சளி ஒட்டிக்கிச்சுன்னா? டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் போட்டுக்கலாம்.”

கிளார்க் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினான்.

“அங்கேயே நில்லு!” மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சார், ஊசியைத் தள்ளிப் போடாதீங்க. எனக்குச் சளியே இல்லை.”

“அப்போ அந்தத் தும்மல்?”

“அது வந்து... மத்தியானம் கிரிக்கெட் மேட்ச் சார்.”

மேனேஜர் அவனை முறைத்தார். பிறகு, இன்னும் வைக்காத போனைக் காதருகே கொண்டுபோனார்.

“ஊசியை ஃப்ரிட்ஜ்லேர்ந்து வெளிய எடுத்து வைம்மா, குளிர் போகட்டும். அப்படியே டி.வி.யையும் போட்டு வை. எனக்கும் இப்போ தும்மல் வருது!”