கை கட்டிய துணி

அநியாயம் நடந்தது மிக்கேல்ராஜ் சாமிக்குத்தான் என்று கோயில் தெருவே சொன்னது. திருச்சியில் குருப்பட்டம் வாங்கி, சொந்த ஊர் திண்டுக்கல்லில் முதல் பூசை வைத்த அன்று, பந்தலில் ஊரே வரிசையாக நின்று அவர் கையில் முத்தமிட்டு முத்தி செய்தது. கூடப் பிறந்த அக்கா பிரகாசி மட்டும் வரவில்லை.

அவள் வீட்டுக்குள், பாரிச வாயு வந்து படுத்துக் கிடந்த அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சாமிக்கு ஞானத்தாயான சூசையம்மா வாசலில் நின்று, பந்தலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "கன்னியர் மடத்தை விட்டு ஓடியாந்தவளுக்கு, பட்டம் வாங்குன கையைக் கண்டா கூசத்தானே செய்யும்."

"கை பூரா கஞ்சி அத்தை. நீங்க செத்த நேரம் ஊட்டுங்க, நான் போயி முத்தி செஞ்சிட்டு வாரேன்."

சூசையம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். "எனக்குப் பந்தியில வேலை கெடக்கு" என்று நகர்ந்தவள், போகிற போக்கில் இன்னொன்றையும் வீசினாள். "ஆம்பளைக்கு வந்தது தேவ அழைத்தல். இவளுக்கு வந்தது வெறும் ஆசை. எம்புட்டு நாள் தாங்கும்?"

பிரகாசி பல்லைக் கடித்தாள். இத்தனை வருஷமும் கடித்த பல்தான்.

அப்போது புதுச்சாமியே உள்ளே வந்தார். பின்னால் பாதிப் பந்தலும் வந்து வாசலை அடைத்தது. அவர் கையில் ஒரு வெள்ளைத் துணி. பட்டம் கொடுக்கையில், எண்ணெய் பூசிய கைகளைக் கட்டிய துணி. அதைப் பெற்ற தாயிடம் கொடுப்பது வழக்கம். அம்மா செத்துப்போயிருந்தாள்.

சூசையம்மா முந்தானையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் அவளைத் தாண்டி வந்து பிரகாசியிடம் நீட்டினார்.

"அம்மா இடத்துல நீதான்க்கா."

"எம்புட்டுப் பெரிய மனசு சாமிக்கு" என்று யாரோ உருகினார்கள்.

பிரகாசி கையை நீட்டவில்லை. "நான் ஏன் மடத்துல இருந்து வந்தேன்னு இவங்ககிட்டச் சொல்லிட்டுக் குடுங்க சாமி."

"இன்னைக்கு வேண்டாம்க்கா. நல்ல நாள்."

"அப்ப நான் சொல்றேன். அப்பா விழுந்ததும், ஒரே ஆம்பளப் பிள்ளை, வீட்டுக்குப் போய்ப் பாருன்னு குருமடத்துல உங்ககிட்டச் சொன்னாங்க. நீங்க, அக்கா ஏற்கெனவே மடம் பிடிக்காம வந்துட்டா, அவ பாத்துக்குவான்னுட்டீங்க. நான் அப்ப மடத்துலதான் இருந்தேன். அப்படிச் சொன்னதுக்குப் பிறகுதான் வந்து என்னைக் கூட்டியாந்தீங்க. உண்டா, இல்லையா?"



"உண்டு" என்றார் அவர், தலை நிமிராமல். "என் அழைத்தல் போயிருமேன்னு பயந்துட்டேன். என்ன செஞ்சா உனக்கு ஆறும், சொல்லுக்கா."

பிரகாசி இப்போது துணியை வாங்கினாள். அப்பாவின் கடைவாயில் வழிந்த கஞ்சியை அதனால் துடைத்தாள். தம்பியின் ஒரு கையில் துணியையும் மறு கையில் கிண்ணத்தையும் திணித்தாள்.

"மடத்துல மதர்கிட்டப் பேசிட்டேன்டா மிக்கேலு, நாளைக்குப் போறேன். என்னைக் கூப்பிட்டவரு இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. ஒரே ஆம்பளப் பிள்ளை, மீதிக் கஞ்சியை நீ ஊட்டு."