நம்ம காசிமேட்டுப் பொண்ணு

“பேப்பர் இல்லாத பர்மாப் புள்ள ஒண்ணு இந்த அஞ்சாம் கிளாஸ்ல கீதாமே? எது, காட்டுங்க டீச்சர்!”

பெற்றோர் சங்கத்து ஏகாம்பரம் வாசலை மறித்து நின்றார்.

“காட்ட மாட்டேன் சார். ஆதார் இல்லேன்னாலும் சேர்த்துக்கணும், அதான் சட்டம்” என்றார் மெர்லின் டீச்சர்.

“நானே கண்டுபுடிக்கிறேன். அதுக்குத் தமிழே வராதாமே!”

உள்ளே நுழைந்தவர், கடைசி பெஞ்சில் பேசாமலிருந்த சிறுமியை எழுப்பினார்.

“உன் பேரு இன்னா?”

அவள் மிரண்டுபோய் உதட்டைக் கடித்தாள்.

“பாத்தீங்களா? இவதான்!”

முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி துள்ளி எழுந்தாள்.

“யோவ், அவ மீன் வண்டி ஹென்றி பொண்ணு சாண்ட்ரா. உன்னப் பாத்து பயந்துகினு கீறா. இன்னாத்துக்கு இங்க வந்து பேஜாரு பண்ற?”

ஏகாம்பரத்துக்குக் கோபமே வரவில்லை. பூரித்துப்போய் அவள் தோளைத் தட்டினார்.

“இது பேச்சு! இவதான் நம்ம காசிமேட்டுப் பொண்ணு! இவ தட்டுல வுழ வேண்டிய முட்டையத்தான் டீச்சர், அந்த பர்மாப் புள்ள துன்னுது!”

“என் முட்டைய யாரும் துன்னல. கணக்கு கிளாஸ் நடந்துகினு கீது. கெளம்பு சார்!”

வகுப்பே ‘ஓ’வென்று கத்தியது. ஏகாம்பரம் முனகிக்கொண்டே வெளியேறினார்.

மெர்லின் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, முன் பெஞ்சில் நின்றவளிடம் வந்தார்.

“ரஹிமா, ரெண்டு வருஷம் முன்னாடி பர்மாவுலேர்ந்து வந்தப்ப உனக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாதேடி. இப்படிப் பேச யாரு கத்துக்கொடுத்தது?”

வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. சாண்ட்ராவின் கைதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.