நாற்பது முட்டை

"போர்டுல எம்பேரு வேண்டாங்க கண்ணு."

குண்டடத்திலிருந்து ஞாயிறுதோறும் முட்டைக் கூடையோடு வரும் கருப்பாத்தாள் அம்மா இதை மட்டும் தவறாமல் சொல்வார். ஆர்டர் நின்று வேலை இழந்த பனியன் தொழிலாளிகள் நாற்பது பேருக்கு எங்கள் சர்ச்சில் மதியச் சாப்பாடு. முட்டை முழுக்க அவர் தருவது.

பெருந்தன்மை என்று நினைத்தேன். நான் நன்றி மறக்காதவன். போன ஞாயிறு அவர் கிளம்பியதும், 'இன்றைய முட்டை: குண்டடம் கருப்பாத்தாள்' என்று சாப்பாட்டுக்கூடப் போர்டில் எழுதிவிட்டேன்.

இன்று அந்த எழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இங்க தங்கதுரைன்னு ஒருத்தன் சாப்புடுவானுங்களே?"

"அன்னைக்கு போர்டைப் படிச்சிட்டு, தட்டை வச்சிட்டுப் போனாரும்மா. அப்புறம் வரவே இல்ல. தெரிஞ்சவரா?"

"என்ற மகனுங்க. என்ற கையால ஒருவாய் திங்கமாட்டேன்னு ஊட்டை உட்டுப் போனவன். அவனுக்கு ஒண்ணு சேரோணுமுன்னுதான் கண்ணு, நாப்பது குடுத்தேன்."