சுருளிவேல் வீட்டு அலமாரி

"இன்னைக்காவது வாயத் தொறந்து கேட்டுருங்க. இவரு மறுபடி எப்ப போடிக்கு வருவாரோ, யாரு கண்டா" என்று கணவர் சுருளிவேல் காதில் கிசுகிசுத்தாள் ஈஸ்வரி.

சுருளிவேல் தலையை ஆட்டினார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் நடிகர் மகாராஜன். குரங்கணி மலையில் அவருக்கு ஷூட்டிங். வாசலில் தெருவே திரண்டிருந்தது. கூட்டத்தை விலக்க வந்த போலீஸ்காரர் அந்த வேலையை மறந்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலக்காய் வியாபாரி வீட்டில் நடிகருக்கு என்ன சோலி என்று தோன்றும். மாடி அறையைப் பார்த்துவிட்டால் தோன்றாது. தரையிலிருந்து கூரை வரை அலமாரி, அலமாரி நிறையப் படங்கள். சிடி, டிவிடி, இப்போது வட்டு வராத படங்களுக்கு ஹார்டு டிஸ்க். ஓடிய படமும் உண்டு, மதியக் காட்சியோடு பெட்டிக்குத் திரும்பிய படமும் உண்டு. உள்ளூர் யூடியூப்காரர் அருண்பாண்டி அதை ஒரு நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டார். மலைக்கு ஷூட்டிங் வரும் பிரபலங்கள் அந்த அறையில் நின்று, தங்களுக்குப் பிடித்த படங்களை எடுத்துக் காட்டிப் பேசுவார்கள். அதற்கு லட்சக்கணக்கில் பார்வையாளர்கள்.

அறையைக் கொடுத்ததற்குச் சுருளிவேல் அவரிடம் காசு பணம் எதுவும் கேட்கவில்லை. மகாராஜன் இந்தப் பக்கம் வந்தால் எப்பாடுபட்டாவது வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அப்பேர்ப்பட்ட வெறி ரசிகர் என்று தெருவில் பேச்சு. நடிகர் வந்ததும் ஒரு வேஷம் கேட்கத்தான் போகிறார் என்று டீக்கடையில் பந்தயமே நடந்தது.

மாடி ஏறிய மகாராஜன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். வெளிவந்ததே பலருக்குத் தெரியாத படங்களின் பெயரைப் படித்துப் படித்துச் சிலிர்த்தார்.

"ஆனா, பழைய காலத்துப் படம் ஒண்ணுகூட இல்லையே?" என்று அருண்பாண்டியிடம் கேட்டார். அவருக்கும் காரணம் தெரியவில்லை.

கேமரா ஓடியது. மகாராஜன் இரண்டு படங்களை எடுத்து ரசித்துப் பேசினார். மூன்றாவதாக அவர் கை நின்றது, அவரையே நாலு பேருக்குத் தெரியவைத்த படத்தில். மற்ற உறைகள் எல்லாம் பளபளக்க, அது மட்டும் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்திருந்தது. பக்கத்திலேயே அதே படத்தின் தேய்ந்துபோன வட்டுகள் வரிசையாக இருந்தன.

அதைப் பார்த்ததும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

"விருது வாங்கினப்பகூட எனக்கு இப்படி இருந்ததில்லண்ணே. இதுல எந்தக் காட்சி உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்?"

"திருவிழாப் பாட்டு சார்."

"என் ஆட்டமா?"

சுருளிவேல் திணறினார். பாட்டுத் தொடங்கியதும் கேமரா இடதுபக்கம் போகும் என்றார். பூக்கடை ஓரமாக ஒரு பெரியவர் குடையோடு நகர்வார், அவருக்கு அடுத்து பலூன்காரர், அப்புறம் முளைப்பாரி தூக்கிய பெண்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார்.

மகாராஜன் அசந்துபோனார். ஆடிய தனக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரிகிறது என்று அருண்பாண்டியைப் பார்த்தார்.

"ஏலக்காய் தரம் பிரிக்கிற கண்ணு சார். குவியல்ல ஒரு காய் வேறயா இருந்தாலும் தெரிஞ்சிரும்" என்றாள் ஈஸ்வரி.

கீழே ஹாரன் அடித்தது. மலையில் பனி இறங்குவதற்குள் வெரசா கிளம்ப வேண்டும் என்று மானேஜர் பறந்தார். சுருளிவேல் அந்தக் கிழிந்த உறையையே தடவிக்கொண்டிருந்தார். ஈஸ்வரிக்குப் பதறியது. இத்தனை வருஷம் காத்திருந்து, இந்த ஆள் இப்படி ஊமையாக நிற்கிறாரே என்று ஆத்திரமாகவும் வந்தது.

நல்லவேளை, படியிறங்கப் போன மகாராஜனே திரும்பினார்.

"என்ன வேணும்னாலும் தயங்காம கேளுங்கண்ணே. படத்துல ஒரு வேஷமா? டைரக்டர்கிட்ட இன்னைக்கே சொல்றேன்."

சுருளிவேல் அறையிலிருந்த டிவியைப் போட்டார். திருவிழாப் பாட்டு ஓடியது. திரையில் மகாராஜன் துள்ளிக் குதித்தபோது படிக்கட்டில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். முளைப்பாரிப் பெண்கள் வந்ததும் சுருளிவேல் படத்தை நிறுத்தினார். ஈஸ்வரி திரைக்குப் பக்கத்தில் போய், மகாராஜனின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தில் விரலை வைத்தாள்.

"எங்க மக அமுதவள்ளி. நடிக்கப் போறேன்னா. நான் கை நீட்டி அடிச்சுப்புட்டேன். அன்னைக்குப் போனவதான்" என்றார் சுருளிவேல். "வேற எந்தப் படத்துலயாவது கூட்டத்துல நிக்கிறாளான்னு தேடித்தான் சார் இத்தனையும் வாங்குனோம், ஒரு படத்துக்கும் எங்களுக்குக் கதை தெரியாது. உங்க பின்னாடி ஆடுனாளே, இப்ப எங்க இருக்கா, எப்படி இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"